ஒரு வினைச்சொல்லுக்காக

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில்
என் மேசைக்கு வலப்பக்கம் ஜெராக்ஸ் கடை,
இடப்பக்கம் நோட்டரி பூங்காவனம்.
இருபத்தெட்டு வருஷத்தில்
ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்
என் கட்சிக்காரர்களை ஒருநாளும்
பத்தரைக்குள் கொண்டுவந்து சேர்த்ததில்லை.
‘அழைத்தும் ஆஜராகவில்லை’ என்று
எத்தனை கட்டில் எழுதியிருக்கிறதோ
அத்தனைக்கும் குற்றவாளி அந்த பஸ்.

முதல் வழக்கு சந்தனக்கட்டை.
ஏழு கிலோ, ஒரு கத்தி, ஒரு சாக்கு.
தீர்த்தகிரி கைநாட்டு வைத்தபோது
அந்தத் தாளில் எதுவும் இல்லை.
பிறகு நிறைய இருந்தது.
‘அத்துமீறி உள்ளே போனேன்னு போட்டிருக்காம்மா,
நான் வெளியவே எப்பம்மா வந்தேன்?’
பதில் தெரியாமல்
ஜாமீன் மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்போது அவர்களை எனக்கு எண்களாய்த்தான் தெரியும்:
எதிரி ஒன்று, எதிரி இரண்டு, தலைமறைவான எதிரி மூன்று.
ஒரு ஊர் வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போடும் என்று
எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை.

வன உரிமைச் சட்டம் டெல்லியில் பிறந்தது.
மலையேறப் பத்து வருஷம் பிடித்தது,
அதற்கும் பஸ் இல்லை போல.

கருங்காலிமேட்டில் கிராமசபை, பால்வாடிக் கூடத்தில்.
நான் வரைபடத்தை விரித்தேன்.
குப்பம்மாள் அதைத் திருப்பிப் போட்டாள்,
மழை வருகிற பக்கம் மேலே இருக்கணுமாம்.
அதன்பிறகு எல்லாம் சரியாக விழுந்தது:
கடுக்காய் மரங்கள், தேன் எடுக்கும் பாறை,
நாட்டார்கள் கூடி வழக்குத் தீர்த்த கல்.
அந்தக் கல்லில் எத்தனை தீர்ப்பு, கணக்கில்லை.
ஒன்றுக்கும் அப்பீல் போனதில்லை.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.
‘மேற்படி வனத்தைக் காத்து ஆளும் உரிமையை வழங்குமாறு
பணிவுடன் கோருகிறோம்.’
செயலாளர் பொன்னுருவி பேனாவை மூடினாள்.
‘கோருறதுன்னா கேக்கறதுதானே?’
‘ஆமாம்.’
‘யாருகிட்ட?’

இரண்டு மணி நேரம்.
கோருகிறோம் அடிக்கப்பட்டது, அறிவிக்கிறோம் வந்தது.
பணிவுக்குத் தனியாகக் கை தூக்கினார்கள்,
முப்பத்தாறுக்குப் பதினொன்றில் அது தோற்றது.
இப்படிப் போனால் முதல் தவணையிலேயே தள்ளுவார்கள் என்றேன்.
யோசனை சொல்வதுதானே என் பிழைப்பு.
கவனமாகக் கேட்டார்கள்.
‘வக்கீலம்மா வேண்டாம் என்றார்.’
தீர்மானப் புத்தகத்தில் அதுவும் இருக்கிறது, ஐந்தாம் வரியில்.

வேலிக் கம்பியோடு லாரி வந்த வாரம்
தடையுத்தரவுக்குப் போனோம்.
அரசு வக்கீல் உரக்கப் படித்தார்.
‘அறிவிக்கிறார்களாம்.’
ஹாலில் நாலு பேர் சிரித்தார்கள்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
‘இது எழுத்துப்பிழையா அம்மா?’

ஆமாம் என்று சொல்ல நேரம் இருந்தது.
நல்ல மனுஷர், கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்.
திரும்பிப் பார்த்தேன்:
கடைசி வரிசையில் பொன்னுருவி, குப்பம்மாள்,
நரைத்துப்போன தீர்த்தகிரி.
அன்றைக்கென்று பார்த்து பஸ் சீக்கிரம் வந்திருந்தது.

‘இல்லை ஐயா.
அது என் கட்சிக்காரரின் சொல்.
நான் மாற்ற முடியாது.’

டைப்பிஸ்ட் விரல்கள் நின்று, பிறகு தட்டின.
சொல் ஏறிவிட்டது.
வழக்கு ஜூன் பதினேழுக்குத் தள்ளிப்போனது,
அதுவரை வேலி கூடாது.

‘ஜெயிச்சாச்சா?’ என்றார் பூங்காவனம்,
நூற்றாறு டிகிரியில் முத்திரை குத்திக்கொண்டே.
‘எழுதிக்கிட்டாங்க.’

என் பீஸ் ஆயிரத்து எண்ணூறும் ஒரு மூட்டை சாமையும்.
பொன்னுருவி இரண்டுக்கும் ரசீது கேட்டாள்,
சபையில் கணக்குக் காட்டணும்.
சாமைக்கு எப்படி எழுதுவதென்று தெரியாமல்
பேனாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க,
அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு இருபதுக்கு பஸ்.